நாற்பத்தொன்றாம் குழாய்

துப்பச் சொன்னால் துப்ப மாட்டேன் என்கிறார்கள்.
துப்பாதே என்றே வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கரிப்புகை படிந்த மழலையர் பள்ளி,
காலை ஏழரை, வெறும் வயிறு,
நான்கு வயதினரின் கோணல் வரிசை.

புளித்த ஆரூல் கட்டியை நினைத்துக்கொள் என்கிறேன்.
சோல்ஜயா கண்ணை மூடுகிறாள்.
கீழுதட்டிலிருந்து ஒரு நூல்
இறங்கி, அறுபடாமல் ஆடி,
குழாய்க்குள் போய்ச் சேர்கிறது.
ஒரு மில்லி போதும்.
அவள் இரண்டு தந்தாள்.

ஐஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

எச்சில் என்று ஒதுக்குகிறோம்,
அதற்குள் எத்தனை குடித்தனம்!
சர்க்கரையை அமிலமாகக் காய்ச்சும் கிருமிகள்,
அவற்றின் காலைக் கட்டும் புரதங்கள்,
புளிப்பை ஆற்றிவிட்டுப் போகும் உப்பு.
யார் கை ஓங்கியிருக்கிறது என்று
இயந்திரம் எண்ணாக எழுதும்.
நாற்பத்தொன்றில் கிருமியின் கை.

அவள் பல்லோ இன்னும் உறைபனி வெள்ளை,
ஒரு புள்ளி கிடையாது.
மேகம் திரண்டதை மட்டும் பார்த்தவன் நான்.
திரண்டதெல்லாம் பெய்வதில்லை.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரியில் அவர்களின் வட்டக் கூடாரத்துக்குப் போனேன்.
இரவெல்லாம் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வந்த
எர்தெனெதுயா, அடுப்பருகே,
பால்கஞ்சியைக் கரண்டியில் அள்ளி
ஊதி
உதட்டில் வைத்துச் சூடு பார்த்து
அதே கரண்டியை மகளுக்கு நீட்டினாள்.

அவளும் ஒரு குழாய் தந்திருந்தாள்.
இரண்டு வாயிலும் ஒரே கிளைக் கிருமி
என்ற தாள் என் பைக்குள் மடிந்திருந்தது.
நாக்கு சுடக் கூடாதே என்றுதான் பார்த்தாள்.
இதை எங்கிருந்து தொடங்குவது?

வியாழக்கிழமை வாருங்கள், பல்லில் வார்னிஷ் பூசுவோம், என்றேன்.
கரண்டி இரண்டாக இருக்கட்டும் என்றேன்.
எதற்கு, என்று சிரித்தாள்,
சிரிக்கும்போதே கையால் வாயை மூடினாள்.
விரலிடுக்கில் மேல்வரிசை,
மூன்று இடம் காலி.

சோல்ஜயா என் கோட்டை இழுத்தாள்.
விழுகிற முதல் பல் எங்கள் நாய்க்கு,
கொழுப்பில் சுற்றித் தருவோம்.
ஓட்டை இருந்தால் தின்னுமா?

வாசலில் சங்கிலியோடு படுத்திருந்தது.
பதினொரு வயதாம்.
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
எல்லாப் பல்லும் இருந்தன.