கீழ்மட்டம்

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்:
மேல்மட்டம், கீழ்மட்டம், வித்தியாசம்.
மேல் என்றால் ஆறு. கீழ் என்றால் கடல்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
அவ்வளவுதான் சொல்லித் தந்தார்கள்,
கூடவே ஒரு கிரீஸ் டப்பா.

அடப்பாற்றின் கடைசி ரெகுலேட்டர் என்னுடையது.
பத்துக் கண்.
எட்டாவது கண்ணின் சக்கரத்தில் இரண்டு பல் இல்லை.
அதைத் திருகும்போது மட்டும்
மூச்சை அடக்கிக்கொள்வேன்.

முன்பு
பௌர்ணமிக்கு இரண்டு நாள், அமாவாசைக்கு இரண்டு நாள்
ஓதம் ஏறும், பலகையை இறக்குவேன்.
மற்ற நாளில் ஆறு தன்பாட்டுக்குப் போகும்,
நான் டீக்கடைக்குப் போவேன்.
இப்போது அஷ்டமியிலும் ஏறுகிறது.
சந்திரனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை
கீழ்மட்டம் மேல்மட்டத்தைவிட
நாலு விரற்கடை கூடுதல்.
வித்தியாசத்தில் என்ன எழுத?
கழித்தல் குறி போட்டேன்.
உதவிப் பொறியாளர் நிலோஃபர் போனில் கேட்டார்,
"மாத்திப் படிச்சிட்டீங்களா?"
"இல்லீங்க மேடம். மாத்தி ஓடுது."

மறுநாள் அவரே வந்தார்.
படியில் குந்தி
தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.
கொஞ்ச நேரம் துப்பவும் இல்லை.
கம்ப்யூட்டர் மைனஸ் வாங்காதாம்,
பூஜ்யம் போடச் சொல்லிவிட்டுப் போனார்.
ஆகவே அரசாங்கக் கணக்கில்
எங்கள் ஊரில் ஆறும் கடலும் சமம்.

உத்திராபதியின் வரப்பில் உமரி முளைத்திருக்கிறது.
யாரும் விதைக்கவில்லை.
பிடுங்கினால் லேசாக வருகிறது,
அடுத்த வாரம் மறுபடி வருகிறது.
பயிரின் நுனியெல்லாம்
தீக்குச்சி காட்டினாற்போல் கருகல்.
நெல்லுக்கு நடுவே மடவை துள்ளுகிறது.
"குழம்புக்கு ஆச்சு" என்கிறாள் தைலம்மை,
சிரிக்காமல்.

கார்த்திகை இருபத்து மூன்று, ராத்திரி.
மேற்கே மூன்று நாள் மழை,
எல்லா ஊர் வடிகாலும் எங்களிடம்.
கிழக்கே ஓதம்.
திறந்தால் கடல், மூடினால் மழை.

உத்திராபதி டார்ச்சோடு ஓடி வந்தான்.
"தொற. கழுத்து மட்டும் முங்கிருச்சு பயிரு."
தைலம்மை அவனுக்கு முன்பே வந்து
பலகைக் கம்பிமேல் உட்கார்ந்திருந்தாள்.
அவள் நிலம் கதவை ஒட்டி, பள்ளத்தில்.
"தொறக்காத. மழத்தண்ணி வடியும்.
உப்பு வந்தா மூணு வருசம் எந்திரிக்காது."

இரண்டு பேர் சொன்னதும் சரி.
இரண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால்.
ஒரே சொசைட்டியில் கடன்.

எட்டாவது கண்ணின் கைப்பிடியைப் பிடித்தபடி
அந்தப் பக்கம் டார்ச் அடித்தேன்,
இந்தப் பக்கம் அடித்தேன்.
ஒரே நிறம். ஒரே உயரம்.
அன்றைக்குத்தான் நிஜமாகவே பூஜ்யம்.
திறந்தாலும் ஓடாது,
மூடினாலும் ஒன்றும் நிற்காது.

மூவரும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம்.
பீடி நனைந்திருந்தது.
யாரோ ஒருவர் சொன்னோம்,
யார் என்று நினைவில்லை:

கடைமடை என்பார்கள் எங்களை.
மேட்டூர் திறந்த சேதி
பேப்பரில் பழசாகி, அதில் வடை மடித்த பிறகு
எங்களுக்குத் தண்ணீர் வரும்.
கடலுக்கோ நாங்கள் தலைமடை.
முறை வைக்கவில்லை, மனு கொடுக்கவில்லை,
முதல் பாய்ச்சல் எங்களுக்கு.
மேலே இருப்பவர்களே,
உங்களுக்கும் வந்து சேரும்,
கொஞ்சம் தாமதமாக.
கடைமடைக்காரன் எப்படிக் காத்திருப்பான் என்று
இனி நீங்களும் பழகலாம்.

விடிந்ததும் அளவுகோலைப் பார்க்கப் போனேன்.
ஆற்றுப் பக்கத்துக் கோலில்
சிப்பி ஒட்டியிருந்தது.
குட்டிச் சிப்பிதான், சுரண்டினால் வந்துவிடும்.
சரியாக மூன்றின் மேல் ஒட்டி
அதை எட்டாக்கி வைத்திருந்தது.

எட்டு என்றே எழுதிவிட்டு
சக்கரத்துக்குக் கிரீஸ் போடப் போனேன்.