ஒத்திவைப்பு: ஒன்று

நான் உறங்குவதற்காகத்தான் அந்த நிரலை எழுதினேன்.

முன்பெல்லாம் ஒரு பென்டிரைவோடு
மருத்துவமனையின் ஆறு மாடியும் ஏறுவேன்.
எலும்பு முறிவுப் பிரிவில் ஏழு கணினி, மகப்பேறில் பதினொன்று.
பூட்டிய அறைகளை மறுநாளுக்கென்று குறித்துக்கொள்வேன்.
மறுநாள் வேறு அறைகள் பூட்டியிருக்கும்.

இப்போது மாதத்தின் இரண்டாம் புதன்,
பின்னிரவு மூன்று மணிக்கு,
புன்டா அரேனாஸின் காற்று
தெருவிளக்குகளைப் பிடித்து உலுக்கும்போது
இருபது கணினிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும்.
பானைச் சோற்றுக்கு இந்த இருபதே பதம்.
இரண்டு இரவு பொறுத்து, எவரும் அலறாவிட்டால்,
பானையை இறக்கலாம்.
வெள்ளிக் காலை ஏழரைக்குக் கைபேசியில் ஒரு வரி:
வெற்றி 1411. ஒத்திவைப்பு 1.

ஒன்றுதானே என்று ஜூனில் விட்டுவிட்டேன்.
ஜூலையிலும் அதே ஒன்று.
ஒற்றைக் காலில் நிற்கிறது.
அடித்தளம், சலவைக்கூடம், மூன்றாம் எண்.
'பிறகு' என்ற பொத்தானை யாரோ
முப்பத்தொரு முறை அழுத்தியிருக்கிறார்கள்,
இரவுக்கு ஒன்று, ஞாயிறும் விடாமல்.

கெடு வைக்கலாம்.
கேட்காமலே அணைத்து எழுப்பலாம்.
ஓர் எண்ணை மாற்றினால் போதும், நாற்காலியை விட்டு எழவும் வேண்டாம்.
ஆனால் காபி இயந்திரம் கீழேதான் இருக்கிறது.
நான் இறங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

நீராவி. வெந்த துணியின் வாசனை.
எதெல்மிரோ குசானோவிச், இரவுப் பணி,
திரைக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார்.
"மூடினால் போய்விடும், செனோரா.
மே மாதம் ஒரு தடவை போய்விட்டது."

தலைப்பில்லாத ஒரு நோட்பேட்.

அறை 214, விரிப்பு: மேல்தாடைப் பல்செட்.
அறை 309: மோதிரம், உள்பக்கம் 1971.
தலையணை உறை, எண் மங்கியது: லாட்டரிச் சீட்டு, சுரண்டாதது.
குழந்தைகள் பிரிவு: சதுரங்கக் குதிரை, கறுப்பு.
118: கடிதம். துவைந்துவிட்டது.
'ஆகவே நீ வரும்போது' மட்டும் தெரிகிறது.

இப்படியே கீழே, கீழே, இருநூற்றுச் சொச்சம் வரி.

யாராவது கேட்டு வந்தார்களா?
பல்செட்டுக்கு வந்தார்கள், அன்றே.
குதிரைக்கு இன்னும் இல்லை.
எதை வைத்து ஆடுகிறார்களோ.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னேன்.
சிறு பெட்டியொன்று எழுந்து
கோப்பின் பெயர் என்ன என்றது.
அவர் ஈரக் கையை மேலங்கியில் துடைத்தார்.
உலர்த்தி சுற்றி நின்றது.
இன்னொன்று சுற்றத் தொடங்கியது.
பிறகு ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக:
கேட்டு வருபவர்களுக்கு.

மறுதொடக்கத்தை அவரே அழுத்தினார்.
திரை கறுத்த நான்கு நிமிடமும்
அறுவை அறைக்கு வெளியே நிற்பவர்போல நின்றார்.
கோப்பு அங்கேயே இருந்தது.
மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார்,
குதிரையிருந்த வரியில் கொஞ்சம் நின்று.

காபியை மறந்து மாடிக்கு வந்தேன்.
உங்கள் கணினி பதினைந்து நிமிடத்தில் மறுதொடக்கமாகும்:
மூன்று வருடமாக நான் அனுப்பிய வாக்கியம்.
இலக்கணப் பிழை இல்லை.
யாரிடமும் எதையும் கேட்டதும் இல்லை.
அதன்மேல் ஒரு வரி சேர்த்தேன்.

ஆகஸ்டில் அந்த வெள்ளி, பின்னிரவு மூன்றுக்கு
உறக்கம் வரவில்லை. கூரைத் தகடு அடித்துக்கொண்டே இருந்தது.
மருந்தகத்தில், கணக்குப் பிரிவில், எக்ஸ்ரே அறையில்
ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துத் திரைகள்
இந்நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்:
எழுதியதைச் சேமித்தீர்களா?

காலை ஏழரை.
வெற்றி 1409. ஒத்திவைப்பு 3.

மூன்று பேர் இல்லையென்று சொல்லியிருக்கிறார்கள்.
எந்த மாடி என்று பார்த்துக்கொண்டே
காலணியை மாட்டினேன்.