பழையது முன்னால்

ஈசூன் பேரங்காடியில் ஆறு வாரம்.
லோகேந்திரனுக்குக் கொடுத்த வேலை
பால் பெட்டிகளில் தேதி பார்ப்பது.
பழையது முன்னால், புதியது பின்னால்.

முதல் நாள் குளிர்பெட்டியின் இரைச்சலுக்குக்
காதைப் பொத்திக்கொண்டு அரை மணி நின்றானாம்.
மேற்பார்வையாளர் நூர்ஹயாத்தி
அவசரப்படுத்தவில்லை.
பக்கத்தில் நின்று தயிர் எண்ணியிருக்கிறார்.

மூன்றாம் வாரம் ஒருவர்
கறுப்புக் கிச்சாப்பு எங்கே என்று கேட்க,
"இது பதினெட்டாம் தேதி முடியும்" என்றான் இவன்.
அவர் அந்தப் பாலையே வாங்கிப் போனார்.
இதை அவனே சொன்னான்.
ஒரு வாரம் முழுக்கச் சொன்னான்.

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் வந்தது.
வேலைக் கடிதம் பிறகு என்றார்கள்.
பிறகு என்பதில் தேதி இல்லை.
பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடுகிறவனாய்
என் முகத்தைப் பார்க்கிறான்.

திங்கள் காலை ஐந்தரை.
பச்சைச் சட்டை, கழுத்துவரை பொத்தான்,
கையில் பயண அட்டை,
கதவருகே நிற்கிறான்.

காப்பிக்குக் குளிர்பெட்டியைத் திறக்கிறேன்.
நேற்றைய சாம்பார் முன்னால்,
இன்னும் பிரிக்காத பால் பின்னால்.

மூடிவிட்டு
என் செருப்பைத் தேடுகிறேன்.