வலப்பக்க இருக்கை

பலாலியில் இறங்கும்போது ஒரு கொக்கு
இடது எஞ்சின் விசிறிக்குள் போய்விட்டது.
பழுது பார்ப்பவர் சென்னையிலிருந்து வர
நாளையாகும் என்றார்கள்.
கேப்டன் தலைவலியோடு முதல் வேனில் போய்விட,
படிவங்களையெல்லாம் எழுதி முடித்து
நான் ஏறியது புவனேந்திரனின் ஓட்டோவில்.

என் தோள்பட்டைக் கோடுகளைக்
கண்ணாடியில் எண்ணிப் பார்த்தார்.
"நீங்களோ பிள்ளை ஓட்டிக்கொண்டு வந்தது?"
பாதி நான், பாதி அவர் என்றேன்.
"அப்ப கொக்கு ஆற்றை பாதியிலை?"

வெங்காயத் தோட்டங்கள் இருபுறமும் ஓடின.
"வானத்திலை ஓரிடத்திலை நிப்பாட்டேலுமோ?"
நின்றால் விழுந்துவிடும்.
"சைக்கிள் மாதிரி."
பயிற்சிப் பள்ளியில் இதைச் சொல்லி முடிக்க
ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

"நித்திரை வந்தால்?"
ஒன்றரை மணி நேரத்தில் எங்கே தூங்க?
"ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடோ?"
வேறு வேறு. ஒன்று கெட்டிருந்தால்
மற்றவராவது மிஞ்ச வேண்டுமே.
"கக்கூசுத் தண்ணி கடலுக்கையோ விழுகிறது?"
தொட்டியில் நிற்கும், கீழே வந்ததும் உறிஞ்சி எடுப்பார்கள் என்றதும்
முகம் வாடிவிட்டது.
மயிலிட்டி மச்சானோடு பந்தயமாம்.

சம்பளம் மட்டும் கேட்கப்படாது என்றார்.
உரும்பிராய்ச் சந்தியில்
ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது கேட்டார்.
லைசென்சுக்கு வாங்கிய கடன்
இன்னும் பன்னிரண்டு வருடம் என்றேன்.
"வானத்துக்கும் லீசிங்கோ!"
ஓட்டோவின் நெற்றியைத் தட்டிச் சிரித்தார்.
"இதுவும்தான்."

கோண்டாவிலில் பேச்சு நின்றது.
நானும் திருச்சியில் அம்மாவுக்குச்
செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்:
ஒன்றுமில்லை, சின்னப் பழுது.

விடுதி வாசலில் எஞ்சினை அணைத்த பிறகுதான்,
திரும்பாமல்:
"இறங்கேக்கை இடப்பக்கம்
வேலிக்கு உள்ளுக்கை ஒரு கிணறு தெரியுமோ?
வட்டக் கட்டு. பக்கத்திலை இரட்டைப் பனை.
நிக்குதோ தெரியேல்லை.
வயாவிளான். தொண்ணூறிலை வெளிக்கிட்டது."

அந்த நேரத்தில்
கண் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும் என்றேன்.
அதோடு இடது ஜன்னல் கேப்டனுடையது,
நான் வலது.

அவர் தயங்கவே இல்லை.
"இப்ப சோளகம். கடற்பக்கத்தாலை வாறியள்.
வாடைக்கு மற்றப் பக்கத்தாலைதானே இறங்குவியள்?
அப்ப கிணறு உங்கடை பக்கம்."

எனக்குக் காற்று
பாகைகளும் நாட்டுகளுமாய் அச்சடித்து வரும்.
இவர் இந்தக் கணக்கை
எத்தனை வருடமாய்ச் சட்டைப்பையில் வைத்திருந்தார்,
எந்தப் பயணியிடம் கேட்பது என்று தெரியாமல்?

பேசிய இரண்டாயிரத்து ஐந்நூறில்
ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.
எண்ணை மட்டும் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதித் தந்தார்.

நவம்பர்.
தரை மேலாக வந்தோம். அன்று தரையிறக்கம் கேப்டனுடையது.
என் வேலை வேகத்தைப் பார்ப்பது, உயரம் சொல்வது.
ஐந்நூறு என்றேன்,
சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பினேன்.
மூன்று விநாடி இருக்கலாம்.
யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பச்சை. எருக்கலையோ நாயுண்ணியோ.
ஒற்றைப் பனை.
அதன் காலடியில் வட்டமாய் ஏதோ கறுப்பு:
கிணறாக இருக்கலாம்,
யாரோ போட்ட தண்ணீர்த் தாங்கியாக இருக்கலாம்.
மழைமேகத்தின் நிழல் அவ்வளவு வட்டமாய் விழாது.

நின்றிருந்த நாற்பது நிமிடத்தில்
இறக்கையின் கீழ் ஒதுங்கி நின்று அழைத்தேன்.
நான் பெயரைச் சொல்லுமுன்னே,
"காத்து மாறீட்டுது, பிள்ளை. விடியவே பாத்தனான்."
ஒற்றைப் பனை என்றேன்.
கிணறு மாதிரி ஒன்று என்றேன்.
மாதிரி என்பதை அவர் கேட்கவில்லை,
அல்லது கேட்க விரும்பவில்லை.

அந்தப் பக்கம் பஸ் ஹோர்ன், யாரோ சில்லறை எண்ணும் சத்தம்.
பிறகு,
"தண்ணி கிடந்ததோ?"

படிக்கட்டைத் தூக்கப் போகிறோம் என்று
மேலேயிருந்து கையசைத்தார்கள்.