ஆறில் ஒன்று

காகித ஆலையின் மூன்றாம் இயந்திரம்
இருபத்தாறு வருடம் என் காதுகளைத் தின்றது.
மிச்சம் வைத்ததை
முந்திரிப்பருப்பு போன்ற இரண்டு கருவிகள்
இப்போது எனக்குப் பரிமாறுகின்றன.

சிவப்புப் புள்ளி வலதுக்கு, நீலம் இடதுக்கு.
முதல் வாரம் மாற்றிப் போட்டுக்கொண்டு
ஊரே முணுமுணுக்கிறது என்று
ரௌனோவோடு சண்டை பிடித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
கண்ணாடி முன் நிறுத்தி
கம்மல் மாட்டிவிடுபவன் மாதிரி மாட்டிவிட்டான்.

தண்ணீர் ஆகாது. தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான் ஆகாது.
ஈரத்துணி கூட ஆகாது, உலர்ந்த துணிதான்.
இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து
ஈரம் குடிக்கும் மணிகள் போட்ட டப்பாவில் படுக்கவைக்க வேண்டும்.
மணிகளின் ஆரஞ்சு வெளுத்தால்
அவற்றுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சௌனாவும் ஆகாது.
அதுதான் சற்று வலித்தது.
எங்கள் ஊரில் வாயே திறக்காதவர்களும்
அந்த மர அறையில் நாலு வார்த்தை பேசுவார்கள்.
சனிக்கிழமைகளில் கருவிகளை வெளியே விட்டுவிட்டு
உள்ளே போகிறேன்.
சூட்டுக்கல்லில் நீர் விழும் ஓசை
எனக்கு இப்போது தோள்பட்டையில்தான் கேட்கிறது.

நவம்பரில் ஒரு நாள்,
பல் மருத்துவரிடம் போன மெர்வி
பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள்.
வெய்க்காவுக்கு ஒன்றரை வயது.
தரையில் கிடப்பதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு.

அட்டையில் ஆறு பேட்டரிகள்.
இரண்டைப் பிய்த்து, ஒட்டுத்தாளை உரித்து,
காற்றுக் குடிக்கட்டும் என்று
மேசைமேல் வைத்தேன்.
வாசல் மணியின் விளக்கு மின்னியது.
தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வலது காது செத்திருந்தது.
மேசையில் இரண்டு ஒட்டுத்தாள்கள் மட்டும்.
அட்டையில் நான்கு.
இடது காதில் ஒன்று.
இன்னொன்று?

வெய்க்கா வாயை இறுக மூடிக்கொண்டு
என்னைப் பார்த்தான்.
விரல் விட்டுத் துழாவினேன். பற்கள்தான் இருந்தன.

இடது காதில் போனை வைத்து அழுத்தினேன்.
"வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
காத்திருக்காதீர்கள். இப்போதே கொண்டு வாருங்கள்.
தொண்டையில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும்."
அந்தக் குரல்
ஒரு எழுத்துகூடத் தவறாமல் கேட்டது.

வழியில் மெர்வியை ஏற்றிக்கொண்டோம்.
பின்னிருக்கையில் என் வலப்பக்கம் உட்கார்ந்து
அவள் ஏதோ சொன்னாள்.
நீளமாகச் சொன்னாள்.
திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.
உதடு படிக்கத் தெரிந்தவள் நான்.

எக்ஸ்ரே படத்தில்
குருவிக்கூடு போல அவன் நெஞ்சு.
வெள்ளைப் பொத்தான் எங்கும் இல்லை.

படம் எடுத்த பெண்
என் காதைச் சுட்டி, கழற்றச் சொன்னாள்.
நகத்தால் சின்னக் கதவைத் திறந்தாள்.
பேட்டரி
பத்திரமாக உட்கார்ந்திருந்தது.
மணி அடிக்கும் முன்பே நான் போட்டிருக்கிறேன்.
ஒலி வரும் துளையில்
மிளகில் பாதி அளவு காதழுக்கு.

அவ்வளவுதான்.
ஒரு தூரிகைக்கு ஐந்து நொடி வேலை.
வாரக்கணக்காக நான் தள்ளிப்போட்ட ஐந்து நொடி.

நடைக்கூடத்தில் ரௌனோ சிரித்துவிட்டான்,
பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதான்.

இப்போது பேட்டரிகள் பூட்டுப் போட்ட பெட்டியில்,
சமையலறையின் உச்சித் தட்டில்.
தீர்ந்தவற்றையும் நாடா ஒட்டி அங்கேதான் வைக்கிறேன்,
கடையின் சேகரிப்புப் பெட்டிக்குப் போகும்வரை.
தீர்ந்தது என்பது என் காதுக்குத்தான்.
குழந்தையின் தொண்டைக்கு அது தீராது.

இரண்டு வாரம் கழித்து மெர்வி வந்தாள்.
முதலில் மேசையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

காரில் என்ன சொன்னாள் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

வெய்க்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு
என் காதை உள்ளங்கையால் பொத்தினான்.
கருவி கீச்சிட்டது.
கையை எடுத்தான், நின்றது.
பொத்தினான்,
கீச்.
வீடு அதிரச் சிரித்தான்.

அதை
இரண்டு காதாலும் கேட்டேன்.