எட்டு நிறம்

ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு.
இடைவேளைக்கு முந்திய பாடம்.
கொட்டாஞ்சேனை மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும்,
திறந்தால் துறைமுக லொறிகளின் ஹோர்ன்
முன்வாங்கில் வந்து குந்தும்.

மாகாணம் ஒன்பது, தலைநகர் ஒன்பது.
நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லும்
பழைய முறைதான்.
மத்தி, கண்டி. தெற்கு, காலி.
சப்ரகமுவ என்றதும்
நாற்பத்திரண்டு வாய்களும் மூடிக்கொண்டன.

ஹம்தான் மட்டும் எழும்பினான்.
"இரத்தினபுரி டீச்சர். பஸ் அவிசாவளையால போகும்."
தகப்பனுக்கு பெஸ்டியன் மாவத்தையில் தேத்தண்ணிக் கடை.
"ஊவா?"
"பதுளை. ராவைக்கும் பஸ் இருக்கு,
டிரைவர்மார் வாப்பாட்ட பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் எடுப்பாங்க."
வடமேல் மாகாணத்துக்கு
கொண்டக்டர் குரலிலேயே கூவினான்:
குருநேகல குருநேகல குருநேகல!
வகுப்பே ஏறிவிட்டது,
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு.

சிரித்து ஓய்ந்த பிறகு
யதுஷிகா, வாயே திறக்காத பிள்ளை,
சுவர்ப்படத்துக்குக் கிட்ட வந்து
விரல் வைத்து எண்ணினாள்.
"எட்டு நிறந்தானே டீச்சர் இருக்கு."

எட்டுத்தான்.
அலுமாரிக்குப் பின்னால் கிடந்த துணிப்படம்,
நான் படித்த காலத்தது.
வடக்கும் கிழக்கும் அதில் ஒரே மஞ்சள்,
பருத்தித்துறை தொடங்கி
பொத்துவிலையும் தாண்டி ஒரே மஞ்சள்.
தலைநகர் திருகோணமலை என்று எழுதி
அன்றைக்கு நான் முழுப்புள்ளி வாங்கியிருக்கிறேன்.
இன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கும் அதையே எழுதினால்
நானே சிவப்பால் வெட்ட வேண்டும்.

"கோடு ஒண்டு போடுங்க, அப்ப சரி" என்றான் மெல்ரோய்.
பேனையைத் திறந்தேன்.
கொக்கிளாய்க் களப்பில் தொடங்குவதா,
அங்கே கொண்டுபோய் முடிப்பதா?
பாடநூலைப் பார்த்து, துணி இழுபட,
கை ஒருக்கால் நின்று,
பிறகு போட்டேன்.
நேராக வரவில்லை.
பிள்ளைகள் கைதட்டினார்கள்: ஒன்பது!

"அப்ப நாட்டுட தலைநகரம் இதுதானே டீச்சர், கொழும்பு?"
மழையைக் காட்டிக் கேட்டான் ஹம்தான்.
இல்லை என்றேன்.
ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்று
மூச்சுப் பிடித்து முழுப்பெயரும் சொன்னேன்.
"அங்க நூத்தி எழுபத்தாறு போகுமே"
என்று உட்கார்ந்துகொண்டான்,
அவ்வளவுதானா என்பதுபோல.

மணி அடித்தது. படத்தைச் சுருட்டினேன்.
கன்டீனில் ரோல்ஸ் முடிந்திருந்தது.
பிளேன்டீக்கு மீதிக்காசு தந்த மனிதர் கேட்டார்,
"என்ன மிஸ், கையெல்லாம் நீலம்?"