இருபத்தொரு நாள்

சிம்மக்கல்லில் இரவுக் கடை. கல்லாவில் நான்.
மணி ஒன்றானாலும்
கொத்துக் கரண்டி ஓயாது.
'இன்னொண்ணு வைக்கட்டா?'
கை குறுக்கே நீட்டி மறைத்தாலும்
விரல் இடுக்கு வழியே சால்னா விழும்.
இந்த ஊரில் 'போதும்' என்பதை
முதல் தடவையில் யாரும் நம்புவதில்லை.

விடியுமுன் வில்லாபுரம் திரும்பிக்
கதவைத் திறந்தால்
கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்தடி நீளத்தில் ஒருத்தி
ஒன்றும் கேட்காமல் கிடப்பாள்.

சோலைராஜ் ஷார்ஜா போனபோது விட்டுப்போனது:
ஒரு போவா,
லேமினேட் செய்த வனத்துறைப் பதிவுத் தாள்,
யானைக்கல்லில் பேரம் பேசி வாங்கிய பழைய ஃபிரிட்ஜ்,
அதற்குள் உறைந்த வெள்ளை எலிகள்
பாக்கெட் பாக்கெட்டாய்.
அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு.
முதல் பக்கத்தில் சிவப்பு மையில்
'அக்கா, 21 நாளைக்கு ஒண்ணு.
பாவம்னு நினைக்காதே.'

நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள்
கண்ணாடியில் மூக்கை உரசி உரசி நின்றாள்.
நாக்கு வந்து வந்து போனது.
எட்டு வருஷம் பசித்த முகங்களுக்கு
பில் போட்டவள் நான்,
எனக்குத் தெரியாதா?
இருந்ததிலேயே பெரியதாய் எடுத்தேன்.
அவள் இடுப்பைவிடத் தடித்த எலி.
பாம்புக்கு ஏது இடுப்பு என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி.
மறுநாள் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்குப் போன கரண்ட்
அந்தி சாயத்தான் வந்தது.
சூட்டு விளக்கு அணைந்து பெட்டி முழுக்கக் குளிர்.

மூன்றாம் நாள்
கொடுத்தது கொடுத்தபடி வெளியே கிடந்தது.
அந்த நாற்றத்தை எழுத மாட்டேன்.
அவள் தண்ணீர்த் தொட்டியில் தலையை வைத்திருந்தாள்,
கல்யாண வீட்டில் வலுக்கட்டாயமாய்ப்
பந்தியில் உட்கார்த்தப்பட்டவள் மாதிரி.

சோலைராஜ் திட்டவில்லை.
'ரெண்டு வாரம் தண்ணி மட்டும்,
அப்புறம் சின்னதா ஒண்ணு' என்றான்.
அந்த ரெண்டு வாரமும்
கடையில் என் தட்டுக்கு வந்த மூன்றாவது புரோட்டா
அப்படியே திரும்பிப் போனது.
மாஸ்டர் என்னிடம் காய்ச்சலா என்று கேட்டார்.

இடையில் ஒருநாள்
பக்கத்து வீட்டு ரிஸ்வான்
எலிப்பொறியோடு வாசலில்.
'அத்தை, உயிரோட போடுங்க, நான் பாக்கணும்.'
அது யார் வீட்டு விஷத்தைத் தின்றதோ.
மூலையில் மாட்டிய எலி
பாம்பின் கண்ணைத்தான் முதலில் தேடும்.
'இது வேடிக்கை இல்லடா, சாப்பாடு' என்றேன்.
கோபித்துக்கொண்டு போனான். பொறியை வைத்துவிட்டு.

இன்று கணக்கு நாள்.
நேற்றே கீழ்த்தட்டில் இறக்கி வைத்த எலி
இப்போது பையோடு வெந்நீரில்,
கை பொறுக்கும் சூட்டில்.
அடுப்பைக் காட்டக்கூடாது.
மாம்பழம் பார்ப்பதுபோல
வயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன்.
நடுவில் ஐஸ் இல்லை.
துடைத்து, நீள இடுக்கியில் பிடித்து நீட்டுகிறேன்.

கழுத்து பின்னுக்கு மடிந்தது.
அவ்வளவுதான் பார்த்தேன்.
அடுத்த கணம் மூன்று சுற்று.
செத்ததை இன்னொரு தடவை கொல்கிறாள்.
நான் இடுக்கியால் லேசாய் அசைத்துக் கொடுக்கிறேன்,
தன் வேலையை ஒழுங்காய்ச் செய்தோம் என்று
அவளுக்கும் இருக்க வேண்டுமே.

வால் கடைசியாய் உள்ளே போனது.
வாயைக் கோணலாய் ஒரு தடவை திறந்து
தாடையைச் சரிசெய்துகொண்டாள்.
பூட்டினேன். ரெண்டு நாள் தொடக்கூடாது.
சோப்பு போட்டு ரெண்டு தடவை கை கழுவினேன்.
எலி வாசனை இருந்தால்
என் விரலும் அவளுக்குச் சாப்பாடுதான்,
அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

'ஜனவரி 25. 140 கிராம். எடுத்துக்கொண்டாள்.'
படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினேன்.
'சாப்பிட்டாளா, சூப்பர்' என்று வந்தது.
நான் சாப்பிட்டேனா என்று
அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்தது பிப்ரவரி பதினைந்து.
அந்த வாரம் எங்கள் ஏரியாவில் எப்போது மின்தடை என்று
பேப்பரில் பார்த்து வைக்க வேண்டும்.